ஹட்டன் என்ற சொல்லில் தொடங்குங்கள்: தமிழுக்கு ஒரு வெளிக்கோட்டுத் தலைப்பெழுத்து செய்யும் முழு வழி

இலங்கை மலையகத்தின் ஹட்டன் கடைத்தெருவில் மாலையில் பனிமூட்டம் இறங்கும்போது பெயர்ப்பலகைகளை நின்று பாருங்கள். மெல்லிய எழுத்துகள் முதலில் மறையும். அடுத்து, நெருக்கி வரைந்த எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கடைசிவரை நிற்பவை உள்ளே போதிய வெளி விட்டு வரைந்த எழுத்துகள். நான் எழுத்துரு வரையக் கற்றுக்கொண்டது பெரும்பாலும் இந்தத் தெருவில் நின்று பார்த்துத்தான்.

இங்கே நாம் செய்யப்போவது வெளிக்கோட்டு எழுத்துரு. அச்சுக்கடையில் அவுட்லைன் ஃபொண்ட் என்று கேட்டால் எடுத்துத் தருவார்களே, அந்த வகை. எழுத்தின் உடல் நிரம்பியிருக்காது. அதன் ஓரம் மட்டும் ஒரே தடிப்பில் ஒரு கோடாக ஓடும். நேர்க்கோடு, அரைவட்டம், வளைந்த மூலை, இவற்றைத் தவிர வேறு வடிவம் கிடையாது. கிரிக்கெட் டோர்னமென்ட் போஸ்டர், இசை நிகழ்ச்சி பேனர், த்ரீவீலின் பின்கண்ணாடி, புதிதாகத் திறக்கும் கடையின் பலகை என்று பெரிதாக எழுத வேண்டிய இடங்களுக்கு மட்டும் இது. நான்கு வரிச் செய்தியைக்கூட இதில் அடிக்காதீர்கள்.

இப்படிப்பட்ட எழுத்துரு ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கில் கிடைக்கிறது. தமிழில் தேடினால் கை விரலுக்குள் அடங்கிவிடும். அதனால் பலரும் ஆங்கில எழுத்துருவின் துண்டுகளை வெட்டி ஒட்டித் தமிழ் ஆக்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு கைப்பேசிக் கடைக்கு 'தரம்' என்ற சொல்லை அப்படி வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். ர-வின் கால் அழகைக் கெடுக்கிறது என்று அதை எடுத்துவிட்டேன். பலகை ஏறிய அன்றே ஒரு பெரியவர் நின்று 'தாம்' என்று வாசித்தார். அவர் வாசித்தது சரி, நான் எழுதியதுதான் தவறு. தமிழ் எழுத்தின் எலும்பிலிருந்து தொடங்காமல் தமிழுக்கு எதிர்காலத் தோற்றம் கொடுக்க முடியாது என்பது எனக்கு அன்று உறைத்தது.

எதிர்காலத் தோற்றம் எங்கிருந்து வந்தது

சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் போதும். 1962இல் இத்தாலியில் அல்டோ நோவாரெசே வரைந்த யூரோஸ்டைல், அந்தக் காலத் தொலைக்காட்சித் திரையைப் போல மூலை வளைந்த சதுரங்களால் ஆனது. 1967இல் நெதர்லாந்தின் விம் குரோவெல், திரையில் எழுத்து காட்டும் இயந்திரங்களுக்காகக் கிடைக்கோடும் நெடுக்கோடும் மட்டும் கொண்ட ஒரு எழுத்துமுறையைச் செய்து பார்த்தார். அதில் சில எழுத்துகளை அடையாளம் காண்பதே கடினம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்குக்கு லான்ஸ் வைமன் இணைகோடுகளால் எழுத்தை விரித்தார். 1975இல் நாசாவுக்கு வந்த புழு வடிவப் பெயர்ச்சின்னத்தில் ஆங்கில 'ஏ'க்கு நடுக்கோடே இல்லை. 1992இல் அதைக் கைவிட்டார்கள், 2020இல் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

இவற்றில் நமக்கு முக்கியமானது அந்த 'ஏ'தான். நடுக்கோட்டை எடுத்தாலும் ஆங்கிலத்தில் அது வேறு எழுத்தாக மாறுவதில்லை. தமிழில் ஒரு சுழியை எடுத்தால் ண, ன ஆகிவிடும். ஒரு வளையத்தை எடுத்தால் ே, ெ ஆகிவிடும். காலை எடுத்தால் ர, ா ஆகிவிடும். ஆகவே கழித்துக் கழித்து நவீனமாக்கும் அந்த வழி நமக்கு உதவாது. நாம் எல்லா உறுப்பையும் வைத்துக்கொண்டே அளவையும் மூலையையும் வெளியையும் ஒழுங்குபடுத்த வேண்டும்.

முதல் படி: ஊர்ப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள்

எழுத்துரு செய்யும்போது அ, ஆ, இ என்று வரிசையாக வரையத் தொடங்காதீர்கள். உயிரெழுத்துகள்தான் வளைவு மிகுந்தவை. அவற்றில் தொடங்கினால் இரண்டாம் நாளே சலித்துப்போகும்.

நான் நம் ஊர்களில் தொடங்கினேன்: ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா, நுவரெலியா, இராகலை, பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளை, மஸ்கெலியா, பொகவந்தலாவை, டிக்கோயா, வட்டவளை. இந்தப் பட்டியலைக் கூர்ந்து பாருங்கள். லை, ளை என்று முடியும் பெயர்கள் எத்தனை! ை என்ற குறியும் ல, ள இரண்டும் சரியாக அமையாத எழுத்துரு மலையகத்தில் ஒரு பலகைக்கும் உதவாது. ஹ-வும் அப்படித்தான். பொதுவாக எழுத்துரு செய்கிறவர்கள் கிரந்த எழுத்துகளைக் கடைசியில் அவசரமாக முடிப்பார்கள். நமக்கோ ஹட்டன், ஹப்புத்தளை, ஹாலிஎல, ஹக்கலை என்று சொல்லின் முதலெழுத்தே ஹ. பலகையில் மிகப் பெரிதாக நிற்கப்போகும் எழுத்தைக் கடைசியில் வரையலாமா?

பட்டியலில் இல்லாத எழுத்துகளுக்குச் சில சொற்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கொழுந்து என்றால் ழு கிடைக்கும், கங்காணி என்றால் ங் கிடைக்கும், மஞ்சள் என்றால் ஞ் கிடைக்கும்.

வரையும் வரிசையை நான் இப்படி வைத்துக்கொண்டேன். முதலில் ட, ப, ம, ய, வ. இவை இயல்பாகவே சதுரச் சட்டத்தில் உட்காரும். அடுத்து ல, ள, ன, ண, ர, ற. அப்புறம் ஹ. அதற்குப் பிறகு க, ச, த, ந. உயிரெழுத்துகளை எல்லாம் முடிந்த பின் எடுங்கள். அதற்குள் உங்கள் கைக்கு ஒரு பழக்கம் வந்திருக்கும்.

இரண்டாம் படி: மூன்று வெளிகளை முடிவு செய்யுங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வெளிக்கோட்டு எழுத்தில் கோட்டை வரைவது எளிது. கோடுகளுக்கு நடுவே இருக்கும் வெளிதான் எழுத்தை வாசிக்க வைக்கிறது. அந்த வெளி மூன்று வகை.

எழுத்தின் ஒவ்வொரு இழுப்பையும் ஒரு குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயின் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு வெளி. ஒரு எழுத்தில் இரண்டு குழாய்களுக்கு நடுவே ஒரு வெளி. இரண்டு எழுத்துகளுக்கு நடுவே ஒரு வெளி. மூன்றும் ஒரே அளவாக இருந்தால் கண் குழம்பிவிடும்; எது குழாயின் உள், எது வெளி என்று தெரியாது. எட்ட நின்று பார்த்தால் ஜன்னல் கம்பி மாதிரி இருக்கும், எழுத்து மாதிரி இருக்காது.

எழுத்துருவின் முழு உயரத்தை 1000 அலகு என்று வைத்து நான் எடுத்த கணக்கு இது. குழாயின் மொத்த அகலம் 120. கோட்டின் தடிப்பு 24. அப்படியானால் குழாயின் உள்வெளி 72. எழுத்துக்குள் குழாய்களுக்கு நடுவே 90. எழுத்துக்கு எழுத்து 110. அதாவது 72, 90, 110 என்று படிப்படியாக ஏறும். உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம், ஆனால் இந்த ஏறுவரிசை மாறக்கூடாது.

உயரமும் இதிலிருந்தே வரும். தமிழில் பல எழுத்துகளுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கிடைக்குழாய்கள் வேண்டும். மூன்று குழாய்க்கு 360, நடுவே இரண்டு வெளிக்கு 180, மொத்தம் 540. அதுதான் எழுத்தின் உடல் உயரம். மேலே ி, ீ, புள்ளி ஆகியவற்றுக்கு 780 வரை இடம். கீழே ு, ூ, ழ-வின் வால் ஆகியவற்றுக்கு அடிக்கோட்டுக்குக் கீழ் 220 வரை. 780உம் 220உம் சேர்ந்து 1000. கணக்கு முடிந்தது.

அகலத்துக்கும் இதே முறைதான். எழுத்தில் எத்தனை நெடுக்குத் தூண் என்று எண்ணுங்கள். நான்கு தூண் என்றால் நான்கு 120, மூன்று 90, ஆக 750. ஐந்து தூண் என்றால் 960. என் வரைவில் ன நான்கு தூண், ண ஐந்து தூண். இரண்டு சுழி ன, மூன்று சுழி ண என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது இங்கே அப்படியே கணக்காக வந்து நிற்கிறது. ண மிக அகலமாக இருக்கிறதே என்று அதை நெருக்காதீர்கள். அகலமாக இருப்பது தமிழின் இயல்பு. நெருக்கினால் பனியில் முதலில் அடைபடுவது அந்த மூன்றாவது சுழிதான்.

மூலை வளைவு: வெளி ஆரம் 165, குழாயின் நடு ஆரம் 105, உள் ஆரம் 45. உள்ளே இருக்கும் 90 அலகு வெளிக்கு 45 ஆரம் சரியான அரைவட்டம் ஆகிறது. எல்லா வளைவுக்கும் ஒரே மையம் இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். வெளி மூலையையும் உள் மூலையையும் ஒரே ஆரத்தில் வரைந்தால் மூலையில் குழாய் பெருத்துப்போகும். புதிதாகச் செய்கிறவர்கள் அதிகம் விடும் பிழை இது.

மூன்றாம் படி: தாளில் எலும்பு

கட்டம் போட்ட கணக்குக் கொப்பி ஒன்று போதும். மார்கழியில் வாசலில் சிக்குக் கோலம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள்: புள்ளி வைத்து, புள்ளியைத் தொடாமல், அதைச் சுற்றி ஒரே இழையில் கோடு போகும். அதே முறையில் எழுத்தின் எலும்பை வரையுங்கள். வெளி வரவேண்டிய இடத்தில் புள்ளி. அதைச் சுற்றி ஒற்றைக் கோடு. இந்த நிலையில் குழாய் இல்லை, தடிப்பு இல்லை, நடுக்கோடு மட்டும். லயத்து வாசலில் கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது சொல்லாமலே வரும். என் எழுத்துகளில் ஹ-வின் எலும்பைச் சரிசெய்து கொடுத்தது என் அம்மா. 'இந்த வளைவு அந்தப் புள்ளியைச் சுத்தி வந்தா சரியாயிடும்' என்றார், வந்தது.

எலும்பைத் தாளில் முடிக்காமல் கணினிக்குப் போகாதீர்கள். திரையில் எல்லாமே நேர்த்தியாகத் தெரியும். எழுத்து சரியா தவறா என்பது அங்கே மறைந்துவிடும்.

நான்காம் படி: குழம்பக்கூடிய எழுத்துகளைப் பிரித்து வைப்பது

எலும்பு நிலையிலேயே இதைச் செய்து முடிக்க வேண்டும். பின்னால் திருத்துவது பெரிய வேலை.

ர, ா இரண்டையும் முதலில் எடுங்கள். என் எழுத்துருவில் ா அடிக்கோட்டிலேயே தட்டையாக நிற்கும். ர-வின் கால் 45 பாகைச் சாய்வில் அடிக்கோட்டுக்குக் கீழே 110 அலகு இறங்கும். பார்த்தவுடனே வேறுபாடு தெரியும்.

ெ, ே இரண்டுக்கும் மேல்வளையம்தான் வேறுபாடு. எகர ஏகார வேறுபாட்டை எழுத்தில் நிலைநிறுத்தியவர் வீரமாமுனிவர் என்று சொல்வார்கள். அவர் கொண்டுவந்ததை நாம் அழகுக்காக அழித்துவிடக்கூடாது. ே-யின் வளையத்துக்குள் 90 அலகு வெளி கிடைக்க, நான் அதை உடல் உயரத்தைத் தாண்டி மேலே எழ விட்டேன். வரிசை கொஞ்சம் மேடாகத் தெரியும். பரவாயில்லை.

ழ-வும் மு-வும் வடிவச் சட்டத்துக்குள் வரும்போது நெருங்கிவிடும். ழ-வின் வாலை 220 வரை முழுதாக இறக்கி, நுனியைத் திறந்தே விடுங்கள். மு-வின் சுழி மூடி இருக்கட்டும். எ, ஏ இரண்டையும் பிரிப்பது கீழே உள்ள சாய்கோடு, ஒ, ஓ இரண்டையும் பிரிப்பது கீழ்ச்சுழி. இவற்றையும் ர-வின் காலைப் போலவே துணிந்து இறக்குங்கள்.

ஊ கொஞ்சம் தனி. மற்ற எழுத்துருக்களில் உ-வுக்கு மேல் ஒரு சிறிய ள வைத்துவிடுவார்கள். நம் குழாயைச் சிறிதாக்க முடியாது. சிறிதாக்கினால் கோடுகள் ஒட்டிவிடும். அதனால் ள-வை உ-வின் அடிக்குழாயோடு ஒரே உடலாக இணைத்துவிட்டேன். இணைந்து நிற்பதால் உள என்று யாரும் பிரித்து வாசிப்பதில்லை.

கடைசியாகப் புள்ளி. முதலில் அதையும் வெளிக்கோட்டு வளையமாகத்தான் வரைந்தேன். மற்ற எழுத்தெல்லாம் கோடாக இருக்கும்போது புள்ளி மட்டும் ஏன் நிரம்பியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். இருபது அடி தள்ளி நின்று பார்த்தபோது வளையம் காணாமல் போய், ஹட்டன் 'ஹடடன' ஆகிவிட்டது. இப்போது என் எழுத்துருவில் புள்ளி மட்டும் முழுதாக நிரம்பிய வட்டம், 120 அலகு விட்டம். கோடுகளுக்கு நடுவே அந்தக் கறுத்த புள்ளிகள் ஒரு தாளம் போல வரும். தமிழ் வெளிக்கோட்டு எழுத்துக்கு இதுதான் சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஐந்தாம் படி: கணினியில் எலும்புக்குச் சதை

ஃபொண்ட்ஃபோர்ஜ் என்ற இலவச மென்பொருள் போதும். தாளில் வரைந்ததைப் படம் எடுத்து இங்க்ஸ்கேப்பில் நடுக்கோட்டைத் திரும்ப வரையலாம், அதுவும் இலவசம். கோட்டின் புள்ளிகளை வளைவின் உச்சிகளில், அதாவது மேல், கீழ், இடம், வலம் ஓரங்களில் வையுங்கள். குறைந்த புள்ளியில் நேர்த்தியான வளைவு வரும்.

எலும்பு மட்டும் உள்ள கோப்பை முதலில் தனியாகச் சேமித்துவிடுங்கள். அது மூலக்கோப்பு, அதைத் தொடக்கூடாது. இனிச் செய்வதெல்லாம் அதன் பிரதியில்.

பிரதியில் ஒவ்வொரு எழுத்தையும் தேர்ந்து, எலிமென்ட் பட்டியலில் எக்ஸ்பாண்ட் ஸ்ட்ரோக் கொடுங்கள். அகலம் 120 என்று கொடுக்கத் தோன்றும். கொடுக்காதீர்கள், 96 கொடுங்கள். பிறகு ரிமூவ் ஓவர்லேப் கொடுத்தால் குழாய்கள் சந்திக்கும் இடங்கள் ஒன்றாகிவிடும். இப்போது அதே எக்ஸ்பாண்ட் ஸ்ட்ரோக்கை இரண்டாம் முறை, 24 அகலத்தில் கொடுங்கள். கோடு ஓரத்தின் நடுவே உட்கார்வதால் பாதி வெளியே, பாதி உள்ளே போகும். 96உடன் இரண்டு பக்கமும் 12 சேர்ந்து 120. உள்ளே இரண்டு பக்கமும் 12 குறைந்து 72. நாம் போட்ட கணக்கு அப்படியே வந்துவிடும். முதலிலேயே 120 கொடுத்தால் எழுத்து 144 ஆகப் பெருத்து, வெளிகளை விழுங்கிவிடும். குழாயின் நுனியும் 12 அலகு நீளும், அதற்கேற்ப எலும்பின் முனையைச் சற்றுக் குறைத்து வையுங்கள்.

க, த, ச போன்றவற்றில் குழாய்கள் ஒன்றையொன்று சந்திக்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிப்போவது போல நெசவாகக் காட்டலாம், அல்லது சந்திப்பைத் திறந்து ஒரே அறையாக்கலாம். நெசவு பார்க்க அழகு; ஆனால் ஸ்டிக்கர் வெட்டும் மெஷினில் அந்தச் சின்னத் துண்டுகள் பிய்ந்து வரும். நான் திறந்தே விடுகிறேன்.

முடித்த பின் கரெக்ட் டைரக்ஷன் கொடுங்கள். வெளி ஓரமும் உள் ஓரமும் எதிரெதிர்த் திசையில் ஓடினால்தான் நடுவே வெற்றிடம் கிடைக்கும். திசை தவறினால் எழுத்து முழுக்கக் கறுப்பாக நிரம்பி வரும். அதைப் பார்த்துப் பயந்து எழுத்தை அழித்துவிடாதீர்கள், திசைதான் கோளாறு.

இதோடு ஒரு கூட்டுக் கோப்பும் செய்துகொள்ளுங்கள். 96 அகலத்தில் நிறுத்திய அந்த நிலையைத் தனி எழுத்துருவாகச் சேமித்தால் உள்நிரப்பு எழுத்துரு கிடைக்கும். இரண்டுக்கும் எழுத்தகலம் ஒன்றே. போஸ்டரில் நிரப்பைக் கீழே மஞ்சளிலும் கோட்டை மேலே கறுப்பிலும் வைத்தால் நிறத்தின் விளிம்பு கோட்டின் நடுவே ஒளிந்துகொள்ளும். அச்சில் நிறம் சற்று விலகினாலும் வெள்ளை இடைவெளி தெரியாது.

ஆறாம் படி: உயிர்மெய்

நிரம்பிய எழுத்துருவில் ி குறியை மெய்யின் மேல் சற்று ஏற்றி வைத்தால் போதும். கறுப்போடு கறுப்பு கலந்துவிடும். வெளிக்கோட்டில் அது நடக்காது. குறியின் சுவர் மெய்யின் சுவரை வெட்டி, உள்ளே கோடு கோடாகத் தெரியும். ஆகவே கி, கீ முதல் னி, னீ வரை 36 எழுத்தையும் தனித்தனியாக வரைய வேண்டும். எலும்பு நிலையில் ி-யின் நடுக்கோட்டை மெய்யின் நடுக்கோட்டோடு இணைத்துவிட்டு ஐந்தாம் படியைச் செய்தால் தானாக ஒன்றாகிவிடும். எலும்புக் கோப்பை வைத்திருக்கச் சொன்னதற்கு இது ஒரு காரணம்.

உகர ஊகார எழுத்துகள் இன்னொரு 36. இவற்றை மூன்று குடும்பமாகப் பிரித்தால் வேலை குறையும். ஙு, சு, பு, யு, வு ஐந்தும் கீழே இறங்கும் நெடுங்கோடு. ஞு, ணு, து, நு, லு, று, னு ஏழும் கீழே வளைந்து மேலேறும் வகை. கு, டு, மு, ரு, ழு, ளு ஆறும் ஒவ்வொன்றும் தன் வழி. முதல் இரண்டு குடும்பத்துக்கும் ஒரு துண்டை வரைந்து பிரதி எடுக்கலாம். மூன்றாவதைத் தனித்தனியாகத்தான் வரைய வேண்டும், அங்கே குறுக்குவழி இல்லை.

ா, ெ, ே, ை ஆகியவை மெய்யைத் தொடாமல் பக்கத்தில் நிற்பதால் தனிக்குறியாக ஒருமுறை வரைந்தால் போதும். உயிர், மெய், ஆய்தம், கிரந்தம், குறிகள், இந்த 72, கிரந்த இகர ஈகாரங்கள், க்ஷ, ஸ்ரீ எல்லாம் சேர்த்தால் சுமார் 130 வடிவம். 247 எழுத்தா என்று மலைக்க வேண்டாம், அதில் பாதிக்குச் சற்று மேல்தான் உண்மையான வரைவேலை.

இப்போது இவற்றைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஃபொண்ட்ஃபோர்ஜில் ஃபொண்ட் இன்ஃபோ, லுக்கப்ஸ் பகுதிக்குப் போய் லிகேச்சர் வகை லுக்கப் ஒன்றைத் தமிழ் எழுத்துமுறைக்குச் சேருங்கள். க-வும் ி-யும் அடுத்தடுத்து வந்தால் கி-யின் வடிவத்தைப் போடு என்று ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். இதற்கான நான்கெழுத்துக் குறி பி-எஸ்-டி-எஸ் (psts). க்ஷ, ஸ்ரீ இரண்டுக்கும் ஏ-கே-எச்-என். எழுத்துமுறைக் குறியாக டி-ஏ-எம்-எல் (taml), டி-எம்-எல்-2 (tml2) இரண்டையும் கொடுங்கள். பழைய மென்பொருளிலும் வேலை செய்யும். கெ, கே, கை ஆகியவற்றில் குறியை முன்னால் நகர்த்தும் வேலையை உங்கள் எழுத்துரு செய்யக்கூடாது. ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்தமைப்பு இயந்திரம் அதைப் பார்த்துக்கொள்ளும்.

ஏழாம் படி: எழுத்துக்கு எழுத்து இடைவெளி

ஒவ்வொரு எழுத்துக்கும் இடப்பக்கம் 55, வலப்பக்கம் 55 என்று தொடங்குங்கள், சேர்ந்தால் 110. அப்புறம் ட-வைக் கவனியுங்கள். ட-வின் வலப்பக்க மேற்பகுதி முழுக்கத் திறந்த வெளி. ஹட்டன், கொட்டகலை, வட்டவளை என்று நமக்கு ட்ட வராத நாளே இல்லை. அங்கே ஒரு பள்ளம் விழுந்த மாதிரி தெரியும். நான் ட-வின் அடிக்குழாயைக் குறுக்கி, வலப்பக்க இடைவெளியை 30 ஆக்கினேன். லை, ளை என்று சொல் முடியும் இடங்களில் ை-க்கும் முந்தைய எழுத்துக்கும் நடுவே கொஞ்சம் கூட்டினேன். மற்றவற்றை எண்ணால் செய்யாமல் கண்ணால் செய்யுங்கள்: சொல்லைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் எழுத்து மறந்து வெளி மட்டும் தெரியும்.

எட்டாம் படி: பனியில் சோதனை

ஊர்ப் பட்டியலை ஒரு ஏ4 தாளில் அச்சிட்டு, அதன்மேல் ட்ரேசிங் பேப்பர் ஒன்றை ஒரு சென்டிமீட்டர் உயர்த்திப் பிடித்துப் பாருங்கள். பனிமூட்டத்தில் பலகை எப்படித் தெரியுமோ கிட்டத்தட்ட அப்படித் தெரியும். குழாயின் இரண்டு சுவரும் ஒன்றாகி எழுத்து தடித்துத் தெரிந்தால் பரவாயில்லை, வாசிக்க முடியும். சுழிக்குள் இருந்த வெளி அடைந்து கறுத்துப்போனால் அந்த எழுத்தின் எலும்பைத் திருத்த வேண்டும். எனக்கு முதல் சுற்றில் ண, ஞ, ஹ மூன்றும் அடைந்துபோயின. மூன்றையும் அகலமாக்கினேன்.

முடிந்தால் உண்மையான பனியிலும் பாருங்கள். கடல்மட்டத்திலிருந்து 1,891 மீட்டர் உயரத்தில் இருக்கும் பட்டிப்பொல ரயில் நிலையத்தின் மும்மொழிப் பலகையை மேகம் மூடும்போது எது எந்த மொழி என்று எவ்வளவு தூரம்வரை தெரிகிறது என்பதைப் பார்த்துப் படிக்கலாம். உங்கள் எழுத்துருவுக்குச் சிங்களமும் ஆங்கிலமும் சேர்க்க நினைத்தால் அதே மூன்று வெளிக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சிங்கள எழுத்தின் எலும்பை, அதைச் சிறுவயதிலிருந்து எழுதிய ஒருவரிடம் காட்டாமல் முடிக்காதீர்கள். தமிழுக்கு ஆங்கிலத் துண்டை ஒட்டியபோது நான் செய்த அதே தவறை இன்னொரு மொழிக்குச் செய்யக்கூடாது.

கடைக்குக் கொடுக்கும்போது

நம் பக்கத்து அச்சுக்கடைகள் பலவற்றில் இன்னும் பாமினி முறையிலேயே, அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய முறையிலேயே, தட்டச்சு செய்கிறார்கள். அதில் அடித்த சொல்லுக்கு உங்கள் யூனிகோட் எழுத்துருவைப் போட்டால் ஆங்கில எழுத்தாகத்தான் வரும். யூனிகோடில் அடித்தாலும் பழைய வடிவமைப்பு மென்பொருளில் கெ, கொ உடைந்து போகலாம். ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் என்றால் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தால் சரியாகும். இதையெல்லாம் கடைக்காரரிடம் விளக்கிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. சொல்லை வீட்டிலேயே அமைத்து, கர்வ்ஸாக, அதாவது எழுத்துரு இல்லாமலே தெரியும் வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, பிடிஎஃப் ஆகக் கொடுத்துவிடுங்கள். ஒருமுறை நான் அப்படிச் செய்யாமல் எழுத்துருவை மட்டும் அனுப்பினேன். வேறொரு எழுத்தில் அச்சாகி வந்த பேனரைத் திருவிழா முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அளவையும் சொல்லிக் கொடுங்கள். 72 பொயின்டில் நம் கோடு ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர், 36 பொயின்டில் 0.3. அதற்குக் கீழே இறங்காதீர்கள். ஸ்டிக்கர் வெட்டுவதற்கு 2 மில்லிமீட்டர் கோடாவது இருந்தால்தான் உரிக்கும்போது அறுந்து வராது. அதற்கு எழுத்தின் உடல் உயரம் 45 மில்லிமீட்டர் வேண்டும்.

எழுத்துருவை எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று நினைத்தால் ஓபன் ஃபொண்ட் உரிமத்தில் வெளியிடுங்கள். யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், ஆனால் எழுத்துருவை மட்டும் தனியாக விற்க முடியாது. திருத்தியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். ஆங்கில எழுத்துகளை அதே உரிமமுள்ள வேறொரு எழுத்துருவிலிருந்து எடுத்தீர்களானால் இந்தக் கட்டுப்பாடு உங்களுக்கும் பொருந்தும்.

இப்போது கடைகளில் அதிகம் கேட்பது வளைத்து ஒட்டும் எல்இடி நியோன் பலகை. அதற்கு வெளிக்கோட்டு எழுத்தை அப்படியே கொடுத்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு சுற்று பட்டி போகும், செலவும் இரண்டு மடங்கு. பனியில் இரண்டு ஒளிக்கோடும் ஒன்றாகக் கலந்து மங்கும். அப்படி ஒரு வேலை வந்தால் தனியாகச் சேமித்து வைத்த எலும்புக் கோப்பை எடுங்கள். பட்டி வளைப்பவருக்கு வேண்டியது அந்த ஒற்றை நடுக்கோடுதான். எங்கள் டவுனில் ஒரு சலூனுக்கு நான் கொடுத்தது அதைத்தான். பனி இறங்கிய பிறகும் எதிர்ப்பக்கத்துப் பஸ் தரிப்பிடத்திலிருந்து பெயரை வாசிக்க முடிகிறது.